எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு: அந்தப் பதினைந்து ஆம்பியர் பிளக்கைத் திறந்துவிடுங்கள்

தலைவருக்கும் செயலாளருக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும்,

லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். மறு அறிவிப்பு வரும்வரை வளாகத்துக்குள் எந்த மின்வாகனத்தையும் சார்ஜ் செய்யக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அதில் இருக்கிறது. அன்று பொதுக்குழுவுக்கு நான் வரவில்லை, வேளச்சேரியில் அக்கா வீட்டு விசேஷம். முன்கூட்டி அனுப்பிய அஜெண்டாவில் இந்த விஷயமே இல்லை, கடைசியில் "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் பேசி முடித்திருக்கிறீர்கள். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு வந்து, 14 சதவீதத்தில் இருந்த காரைச் சார்ஜில் போட்டுவிட்டு மேலே போனேன். திங்கள் காலை ஆறு மணிக்கு மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வந்து பார்த்தால் 19 சதவீதம். கணக்குப் போட்டால் பத்தரைக்கே மின்சாரம் நின்றிருக்கிறது. என் பார்க்கிங் தூணில் இருக்கும் பிளக்கின் எம்சிபியை, அதாவது லோடு மீறினால் தானாக விழும் சுவிட்சை, கீழே இறக்கி, பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம்.

அந்தப் பிளக்கை யாருக்கும் தெரியாமல் நான் போட்டுக்கொள்ளவில்லை. கார் புக் செய்த அன்றே சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன், செயலாளர் கையெழுத்துப் போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கும் எலக்ட்ரீஷியன் வந்து, கீழே ஈபி ரூமில் இருக்கும் என் வீட்டு மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரைப் பைப்புக்குள் இழுத்து, தனி எர்த், எம்சிபி, மின்கசிவு இருந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒரு சப் மீட்டர் எல்லாம் வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், என் பணம். பொது மின்சாரத்தில் ஒரு யூனிட்கூட நான் எடுத்ததில்லை.

கூட்டத்தில் பேசியவர்களில் யாரும் இந்தக் காரில் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன். எதைத் தடை செய்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு தடை செய்வதுதானே நியாயம்.

நான் வாங்கியிருப்பது டாடா டியாகோ, மின்சார மாடல். 2022 செப்டம்பர் கடைசியில் வந்த கார், அப்போது ஆரம்ப விலை 8.49 லட்சம் என்று அறிவித்தார்கள். 19.2, 24 கிலோவாட்-அவர் (நாம் யூனிட் என்று சொல்வது) என்று இரண்டு அளவு பேட்டரி, என்னுடையது பெரியது. நீளம் 3.77 மீட்டர்தான், நம் பில்டர் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கோடு போட்டு விற்ற பார்க்கிங்கில் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து இறங்க முடிகிறது. கார் வந்து இன்றோடு இருபத்திமூன்று நாள். பதின்மூன்று வருஷம் பெட்ரோல் கார் ஓட்டிய கைக்கு முதல் நாள் எல்லாமே புதிதாக இருந்தது. ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை, தயார் என்று டேஷ்போர்டில் ஒரு எழுத்து வருகிறது, அவ்வளவுதான். கியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டக் குமிழ். அதை டி-க்குத் திருப்பி பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மெல்ல நகர்கிறது. மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து மேடவாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் காலையில் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், ஒரு கிலோமீட்டருக்கு இருபது தடவை கிளட்சை மிதித்து இடது முழங்கால் வலியோடு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அந்த நெரிசலில் ஏசி ஓடுகிறது, எஞ்சின் உறுமல் இல்லை, பின்சீட்டில் மகள் பாடம் படித்துக்கொண்டு வருகிறாள். முதல் வாரத்திலேயே முழங்கால் வலி குறைந்துவிட்டது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரயில்வேயில் இருந்தவர் என்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். பீச்-தாம்பரம் மின்சார ரயிலில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றார், அதற்கு முன்னால் கூட்ஸ் வண்டி. கார் வந்த அன்று சாயங்காலம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கரணை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலுக்கு முன்னால் நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பிரேக் போடாமலே வண்டி தானாக வேகம் குறைந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார்: "மோட்டாரைத் திருப்பி ஜெனரேட்டராக்குகிறான்." இறக்கத்தில் கூட்ஸ் வண்டியை அப்படித்தான் பிடிப்பார்களாம். அந்தக் காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் அப்படி வரும் மின்சாரத்தை ரெசிஸ்டன்ஸில் விட்டுச் சூடாக்கி வெளியே தள்ளிவிடுவார்கள், இதில் அது பேட்டரிக்கே திரும்பப் போகிறது என்று நான் சொன்னதும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை அளவு வைத்திருக்கிறார்கள். மூன்றில் வைத்தால் ஊருக்குள் பிரேக் மிதிக்கும் வேலையே பாதியாகிவிடுகிறது, முதல் இரண்டு நாள் மட்டும் மகளுக்குக் கொஞ்சம் குமட்டியது, ஒன்றுக்குக் குறைத்ததும் சரியாகிவிட்டது. அப்பாவுக்கு இருக்கும் ஒரே குறை டிக்கியில் ஸ்டெப்னி இல்லாதது. பஞ்சர் கிட் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கும் உறுத்தல்தான், ஊருக்குள் ஓட்டுவதால் சமாளிக்கிறேன்.

மின்சாரம் என்றாலே ஆபத்து என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டதும் அப்பா முகம் வாடிவிட்டது. 1931-இலிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார வண்டி ஓடுகிறது, வீடுகளை ஒட்டி, பள்ளிக்கூடங்களை ஒட்டி. அதில் எத்தனை வருஷம் என் கை இருந்திருக்கிறது என்றார். மின்சாரத்துக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்கு இருந்தால் பயம் வேண்டாம் என்பது அவர் பேச்சு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அப்புறம் கணக்கு. சோதனை முறையில் இந்தப் பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று அறிமுகத்தின்போது சொன்னார்கள். சோதனைக் கணக்கு வேறு, ஏசி போட்டு நம் ரோட்டில் ஓட்டுவது வேறு. எனக்கு முழுச் சார்ஜுக்கு இருநூறு, இருநூற்றுப் பத்து வருகிறது. என் தினசரி ஓட்டம் மடிப்பாக்கத்தில் பள்ளி, கிண்டியில் ஆபீஸ், திரும்பி வீடு, வழியில் காய்கறி எல்லாம் சேர்த்து நாற்பதுக்குள். இந்த இருபத்திமூன்று நாளில் 871 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சப் மீட்டரில் 118 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,180 ரூபாய். என் பழைய கார் லிட்டருக்குப் பதின்மூன்று கொடுக்கும், இதே தூரத்துக்கு 6,700 ரூபாய் பெட்ரோல் போட்டிருப்பேன். மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் மிச்சம் என்பது என் சம்பளத்தில் பெரிய தொகை. காரின் தவணையில் பாதிக்குக் கிட்ட அதுவே கட்டுகிறது, அந்தக் கணக்கை நம்பித்தான் வாங்கினேன்.

அந்தக் கணக்கு முழுக்க நிற்பது தூணில் இருக்கும் ஒரு பிளக்கின் மேல். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பெட்ரோல் காரை பங்க் தேடி எடுத்துக்கொண்டு போகிறோம். சின்ன மின்சாரக் கார் அப்படிச் செய்யப்பட்டதே இல்லை, ராத்திரி நாம் தூங்கும்போது நின்ற இடத்திலேயே மெல்லக் குடித்து வயிறு நிரப்பிக்கொள்ளும் வண்டி அது. 2001-இல் பெங்களூரில் ரேவா வந்த காலத்திலேயே அதை வீட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில்தான் சார்ஜ் போட்டார்கள். வெளியே போட்டுக்கொள்ளலாமே என்று செயலாளர் வாட்ஸாப்பில் எழுதியிருந்தார். இந்த வாரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து போன இடத்தில் இரண்டு மெஷினில் ஒன்று வேலை செய்யவில்லை, மற்றதில் ஒரு டாக்ஸி ஏறிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. வீட்டுக்கு வரும்போது ஒன்பதே முக்கால். வீட்டில் ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு பில். மகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தாள்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனதை நானும் மறக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிச் சோதனைகளைக் கடுமையாக்கியது. இருசக்கர வாகனங்களுக்கு ஏஐஎஸ் 156, கார்களுக்கு ஏஐஎஸ் 038 என்று இருக்கும் விதிகளைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கியது அதற்கெல்லாம் பிறகு தயாரான வண்டி. மின்சாரக் கார் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், எந்த வாகனத்துக்கும் யாராலும் அப்படிச் செய்ய முடியாது. நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் முப்பத்தைந்து லிட்டர் டேங்கோடு ஐம்பது கார்கள் நிற்கின்றன, மூலையில் ஜெனரேட்டரும் அதற்கான டீசல் கேன்களும் இருக்கின்றன. அவற்றோடு நாம் ஒழுங்கு வைத்து வாழப் பழகிவிட்டோம்.

என் பயம் பேட்டரியைவிட வயரைப் பற்றியது. ஒரு அனுபவம் சொல்கிறேன். இரண்டாவது வாரம் தாம்பரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அங்கே வாசல் பக்கம் இருந்த பழைய பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். பச்சை எரிய வேண்டிய விளக்கு சிவப்பில் மின்னியது, கார் ஒரு வாட்கூட எடுக்கவில்லை. எர்த் சரியில்லை. அந்தப் பிளக்கில் பத்து வருஷமாக கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் ஓடுகின்றன, ஒருவருக்கும் தெரியவில்லை. சார்ஜர் முதலில் எர்த்தைப் பார்க்கிறது, அப்புறம் காரோடு பேசுகிறது, இரண்டு பக்கமும் சரி என்றால்தான் மின்சாரத்தை உள்ளே விடுகிறது. மழையில் கேபிளின் வாய் நனைந்து கிடந்தாலும் காரில் செருகி இந்தப் பேச்சு முடியும்வரை அதில் மின்சாரமே வராது. மறுநாள் சித்தப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரி செய்தார்.

லோடு தாங்காது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்றும் பேசினீர்களாம். இந்த பிளக் வழியாக கார் எடுப்பது சுமார் இரண்டரை கிலோவாட். பத்து சதவீதத்திலிருந்து நிரம்ப எட்டே முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதிலிருந்தே இது தெரியும். நம் எல்லா வீட்டுக் குளியலறையிலும் இருக்கும் கீசர் எடுக்கும் அளவுதான் அது. மார்கழி மாதம் காலை ஆறு மணிக்கு அறுபத்து நாலு வீட்டிலும் கீசர் ஒன்றாக ஓடுகிறது, நம் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குகிறது. இப்போது வளாகத்தில் மின்சாரக் கார் இரண்டு, ஸ்கூட்டர் நாலு. நான் ராத்திரி பதினொன்றுக்கு மேல் போடத் தயார், தினசரி ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் போதும். நாளைக்கு இருபது கார் வந்தால் என்ன செய்வது என்பது நல்ல கேள்வி, அதற்கு இப்போதே லோடு கணக்குப் பார்த்து வைக்க வேண்டும் என்று நானும் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நம் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, அதனால் தண்ணீரைப் பற்றிய பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. காரின் பேட்டரிக்கு ஐபி 67 பாதுகாப்பு இருக்கிறது, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தும் சோதிப்பார்கள். அதை நம்பிக்கொண்டு வெள்ளத்தில் சார்ஜ் போடச் சொல்லவில்லை. பிளக்கைத் தூணில் ஐந்தடி உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். ரெட் அலர்ட் அன்று எல்லாச் சார்ஜிங் பிளக்குக்கும் மெயினை அணைத்துவிடலாம் என்று சங்கம் விதி வைத்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

இந்தத் தடையால் என்ன நடந்திருக்கிறது என்று ஒரு தடவை வளாகத்தைச் சுற்றி வந்து பாருங்கள். சார்ஜிங் நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு வீட்டில் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி மேலே எடுத்துப்போய் அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்கு இரண்டடி தள்ளிச் சார்ஜ் போடுகிறார்கள், என் கண்ணால் பார்த்தேன். இன்னொருவர் முதல் மாடி ஜன்னலிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கீழே தொங்கவிட்டு விடியற்காலை மூன்று மணிக்குப் போடுகிறார். யார் வீடு என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கு அபராதம் வாங்கித்தர நான் இதை எழுதவில்லை. எர்த்தும் ஆர்சிசிபியும் உள்ள பிளக்கைப் பூட்டிவிட்டு, அது எதுவுமே இல்லாத இடத்துக்கு ஆட்களைத் துரத்தியிருக்கிறோம். உங்கள் பயம் எதற்காகவோ, அதையே இந்தத் தாள் அதிகமாக்கியிருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலிலேயே சொல்லப்பட்டது. 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் வந்த திருத்தம், விரும்பினால் மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பே கேட்டு வாங்கலாம் என்கிறது. புதுக் கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதம் இடத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகளை 2019-இலேயே திருத்தியிருக்கிறார்கள். மின்சாரக் காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, பச்சை நம்பர் பிளேட் என்று அரசு ஒரு பக்கம் வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி வாங்கிய ஒருத்தியின் பிளக்கை, எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு ராத்திரியில் பூட்டிவிட முடியாது. பார்க்கிங்கைப் பராமரிக்கும் பொறுப்பைத்தான் பைலாவில் உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இனி நான் கேட்பது. முதலில், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பிளக் பெட்டியின் பூட்டை எடுத்துவிடுங்கள், நோட்டீஸ் போர்டில் இருக்கும் தாளையும் எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். யார் சொல்லிப் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம், வாட்ச்மேன் அண்ணனைக் கேள்வி கேட்கவும் வேண்டாம், அவர் சொன்னதைச் செய்தவர். அடுத்தது, பதினைந்து நாளுக்குள் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, இதை மட்டுமே அஜெண்டாவாக வைத்து, வாகனம் வைத்திருக்கும் ஆறு வீட்டுக்காரர்களையும் பேசவிடுங்கள். தடைக்குப் பதிலாக அங்கே விதி போடுங்கள். லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் இல்லாமல் பிளக் கூடாது, ஆர்சிசிபியும் தனி எர்த்தும் கட்டாயம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, கழற்றிய பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை எர்த் சோதனை. ஸ்கூட்டர்காரர்களுக்கு மதில் பக்கம் கூரையோடு ஒரு பொது இடம் ஒதுக்கி, நாலு பிளக்கும் சப் மீட்டரும் வைத்துக் கொடுங்கள், செலவை நாங்கள் ஆறு வீடும் பகிர்ந்துகொள்கிறோம், இதை மற்ற ஐந்து பேரிடமும் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஈபி அதிகாரியை வரவழைத்து நம் வளாகத்தின் மொத்த லோடைக் கணக்கெடுக்கச் சொல்லி, அதன் நகலை அறுபத்து நாலு வீட்டுக்கும் கொடுங்கள். தீயணைப்புத் துறையில் ஒருவரைக் கூப்பிட்டு ஜெனரேட்டர் மூலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரோடு கேட் பக்கம் நிற்பேன். குழுவில் இருக்கும் எட்டுப் பேரும் இரண்டு தடவையாக ஏறலாம், பள்ளிக்கரணை வரை ஓட்டிக் காட்டுகிறேன், ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டியும் பார்க்கலாம். திரும்பி வந்ததும் உங்கள் கண் முன்னால் சார்ஜரைச் செருகுகிறேன், கிளாம்ப் மீட்டரோடு எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு ஆம்பியர் போகிறது, பிளக் எவ்வளவு சூடாகிறது என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். அப்பாவும் வருவார். பூட்டின் சாவியை மட்டும் அன்றைக்கு மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து